ஆதாரம் இருக்காம், ஆதாரம்!

ஊட்டியில் மைனஸ் ஆறு டிகிரி, பனி கொட்டுகிறது என்று ஒரு படத்தோடு இணையத்தில் சுற்றுகிற அந்த "ஊட்டியில் பனிமழை" கட்டுரையை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வந்துவிட்டது. மதுரையிலிருந்து சித்தியே அனுப்பிவிட்டார். "மைனஸ் ஆறாம்ல, ஸ்வெட்டர் போட்டுக்கோ கண்ணு" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு.

அந்தக் கட்டுரையின் கீழே கமெண்டில் நான் கேட்டது ஒரே கேள்வி. இந்தப் படம் எங்கே எடுத்தது? அதற்கு வந்த பதில் இது. "ஆதாரம் கொடுத்திருக்கோம், படிக்கத் தெரியாதா?"

சரி, படித்தேன். ஆதாரம் என்று கொடுத்த இணைப்பு ஒரு வீடியோவுக்குப் போகிறது. வீடியோவில் பேசுகிறவர் இன்னொரு இணையதளத்தைக் காட்டுகிறார். அந்த இணையதளமோ "சமூக வலைதளங்களில் பரவும் தகவலின்படி" என்கிறது. சின்னப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு விடுகிற ரயில் மாதிரி. இஞ்சின் யார் என்று கேட்டால் எல்லோரும் முன்னால் கை காட்டுகிறார்கள். ஊட்டிக்கு வந்து பார்த்தவர் அதில் ஒருத்தர்கூட இல்லை.

படத்தைப் பாருங்கள். கூரைமேல் முழங்கால் அளவு பனி. பின்னால் தேவதாரு மரங்கள். எங்கள் ஊர்க் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று இல்லை, சீகை மரம் (வாட்டில்) ஒன்று இல்லை. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கடைப் பலகையில் இந்தி எழுத்து. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிப் பட்டமா வேண்டும்? கட்டுரையின் முதல் பத்தியிலேயே "மேகமே இல்லாத தெளிந்த வானம்" என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் பனி கொட்டுகிறது. மேகம் இல்லாமல் எங்கிருந்து கொட்டும்? இங்கே விழுவது உறைபனி. வானம் தெளிந்து, காற்று அடங்கி, தரை சூட்டை எல்லாம் இழக்கிற இரவில் புல்மேல் படிவது. மேகம் மூடினால் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

அப்புறம் அந்த மைனஸ் ஆறு. எங்கே அளந்தது? வானிலை ஆய்வு மையம் காற்றின் வெப்பத்தை அளப்பது தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள். புல்லை ஒட்டி அளந்தால் அதைவிடச் சில டிகிரி குறைவாகவே காட்டும். பெட்டிக்குள் இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே புல் வெளுத்திருக்கும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களில் குளிர் இன்னும் தேங்கும். எந்த இடம், எந்த உயரம், யார் குறித்தது என்று சொல்லாத எண்ணை வைத்து என்ன செய்வது?

"எண் பெரிதாக இருந்தாலே நம்ப மாட்டாயா" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை என்றார்கள். கேட்டால் தலை சுற்றும். நம்பினோமே! ஏனென்றால் இந்த இடத்து மழைமானி, இந்தக் காலை வரையிலான 24 மணி நேரம் என்று பொறுப்பாகச் சொல்ல ஆள் இருந்தது.

"சுற்றுலாவுக்கு நல்லதுதானே, ஊர்க்காரனே ஏன் கெடுக்கிறாய்?" இந்தக் கேள்விதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் அத்தை மகன் ஜீப் ஓட்டுகிறான். போன வாரம் சென்னைக் குடும்பம் ஒன்று செல்போனில் இதே படத்தைக் காட்டி, "இங்க கூட்டிட்டுப் போங்க" என்றது. விடியும் முன்பே தலைகுந்தா கூட்டிப் போனான். புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. "இது இல்லைங்க, போட்டோல இருக்கறது." வெயில் ஏறியதும் அதுவும் கரைந்துவிட்டது. பேசிய வாடகையில் பிடித்துக்கொண்டு, "ஊட்டி டிரைவர்கள் ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதியும் போட்டுவிட்டார்கள். கட்டுரை எழுதினவனை விட்டுவிட்டு வண்டி ஓட்டினவனைத் திட்டுவது என்ன நியாயமோ.

எல்லாரும் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியுமா என்றால், முடியாது. ஷேர் செய்யாமல் இருக்க முடியுமே.

"நீ என்ன வானிலை நிபுணரா?" இல்லை ஐயா. இங்கேயே பிறந்தவன். இந்த வாரம் முழுக்க அம்மா சாயங்காலமானால் தாகைச் செடி அறுத்துவந்து தேயிலை நாற்றை மூடுகிறார். மூடாமல் விட்ட வரிசை கருகிப் பழுப்பேறி நிற்கிறது. அந்தக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. "வாவ்" என்று இதய எமோஜிகள்தான். மண் சரிந்தால் கேமராவோடு ஓடி வருவீர்கள், பனி என்றால் வேறு ஊர்ப் படம் போதும். இடையில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

என்னைக் கிண்டலடித்த அந்தக் கமெண்டுக்கு விழுந்த லைக்குகளை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. ஆனால் அதில் ஒரு பெயர் என்னோடு பள்ளியில் படித்தவனுடையது. காந்தல்காரன். போன் செய்து கேட்டேன். "விடு மச்சான், சும்மா ஜாலிக்குத்தானே" என்றான். படத்தில் இருப்பது நம் ஊர் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் லைக் போட்டிருக்கிறான்.