துப்பாக்கி எடுக்காதவனுக்கு என்ன கிடைத்தது?
நைஜீரியாவின் எண்ணெய் வளப் பகுதியான நைஜர் டெல்டாவில் ஆயுதக் குழுக்களை ராணுவத்தை வைத்து ஒடுக்கினால் அந்நாட்டில் அமைதி வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, என்னால் ஏற்க முடியவில்லை. 2009-ல் பொது மன்னிப்பு கொடுத்து, ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்தார்கள், சரி, தாக்குதல்கள் குறைந்தன. துப்பாக்கியே தொடாத மீனவனுக்கு என்ன கிடைத்தது? எண்ணெய்க் கசிவால் பாழான, அதே டெல்டாவின் ஒகோனி பகுதியில் ஓர் ஊர் மக்கள் குடித்த கிணற்று நீரில் புற்றுநோய் தரும் பென்சீன் என்ற வேதிப்பொருள், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைவிட 900 மடங்குக்கு மேல் இருந்ததாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2011 அறிக்கை சொல்கிறது. அந்த மண்ணுக்காக அறவழியில் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் 1995-ல் ராணுவ அரசு தூக்கிலிட்டது. நியாயம் கேட்டவனுக்குத் தூக்கு, துப்பாக்கி எடுத்தவனுக்குப் பணம் என்றால் அங்கே வளரும் பையன் எதைக் கற்றுக்கொள்வான்? 2016-ல் மறுபடி ஆயுதக் குழுவினர் எண்ணெய்க் குழாய்களைத் தகர்த்தார்களே! முதலில் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யட்டும், ராணுவத்தை அனுப்புவதை அப்புறம் பேசலாம்.