சிவப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?

"சாமிகிட்ட பூக் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை நான். எங்கள் கொங்குப் பக்கத்தில் சம்பந்தம் பேசுவது, போர்வெல் போடுவது, கடை திறப்பது என்று எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும், வெளியே வித்தியாசம் தெரியாதபடி ஒரே அளவில் கட்டி, சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம்.

என் வருத்தமெல்லாம் சிவப்பு வந்த பிறகு நடக்கிற கூத்தைப் பற்றித்தான். பொட்டலம் சரியாகக் கட்டவில்லை, குழந்தை எட்டிப் பார்த்துவிட்டது, வெள்ளிக்கிழமை குலதெய்வத்திடம் கேட்போம். இப்படி வெள்ளை வரும்வரை கோயில் கோயிலாகப் போவதற்குப் பேர் கேட்பதா? நாம் எடுத்த முடிவில் சாமியிடம் கையெழுத்து வாங்குகிறோம், அவ்வளவுதான்.

அதே சமயம், பயந்தவன் இரண்டாம் தடவை கேட்பதைக் குற்றம் என்றும் சொல்ல மாட்டேன். எதிரிகளோடு போருக்குப் போகச் சொன்ன கடவுளிடம் பைபிளில் கிதியோன் அப்படித்தான் கேட்டான். களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைந்து, தரை காய்ந்திருக்க வேண்டும் என்றான். நடந்தது. மறுநாள், கோபிக்க வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே, தோல் காய்ந்து தரை நனையட்டும் என்றான். அதுவும் நடந்தது. கடவுள் கோபிக்கவில்லை. ஆனால் அப்புறம் அவன் கூட்டி வந்த 32,000 பேரை 300 ஆகக் குறைத்துவிட்டுத்தான் போருக்கு அனுப்பினார். உத்தரவு கிடைத்தால் பயம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. யாரோ ஒரு பக்தர் கனவில் ஆண்டவன் ஒரு பொருளைச் சொல்வார், கோயிலில் பூப் போட்டுப் பார்த்து வெள்ளை வந்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். எதற்கு வந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஏதாவது நடந்த பிறகு "அன்னைக்கே சொன்னாரு பாத்தியா" என்று முடிச்சுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காரணம் தெரியாமலே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்களே, அது பிடிக்கும்.

அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொன்னபோது அம்மா பூக் கேட்கக் கிளம்பிவிட்டார். பெரியப்பாதான் நிறுத்தினார். "ஏனம்மிணி, செவப்பு வந்தா ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டுப் போயிருவியா?" அம்மாவிடம் பதில் இல்லை. கோயிலுக்குப் போய் எதுவும் கேட்காமல் திருநீறு மட்டும் வாங்கி வந்து, கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தில் கை நடுங்க நடுங்கப் போட்டார். தியேட்டர் கதவு திறக்கும்வரை அந்த நடுக்கம் நிற்கவில்லை. அவருக்குப் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வருவேன்.

செய்தே ஆக வேண்டியதைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்து, மனசு மட்டும் ஊசலாடுகிறதா, தாராளமாகக் கேளுங்கள். தங்கை மகளுக்கு இப்போது கோவையிலும் பெங்களூரிலும் வேலை கிடைத்திருக்கிறது, பெங்களூருக்குப் பூக் கேட்கப் போகிறார்கள். சிவப்பு வந்தால் மறுபேச்சில்லாமல் கோவைதான் என்று அவளே முதலில் சொல்லிவிட்டாள். அவள் அம்மாதான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.