பரம்பிக்குளத்து ட்ராமை மறுபடி ஓட்ட வேண்டாம்

கேரளாவின் பரம்பிக்குளம் காட்டுக்குள் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, அதை மறுபடி ஓடவிட்டால் சுற்றுலா எங்கேயோ போய்விடும் என்று கொஞ்ச நாளாக ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சி நண்பர்கள் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அந்த ரயில் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். கிடைக்கிற படத்தையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்த யோசனை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலில் அது என்ன ரயில் என்று தெரிய வேண்டும். பெயர் கொச்சி சமஸ்தான வன ட்ராம்வே. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் பாதை. 1907 முதல் 1963 வரை ஓடியது. ஆட்களுக்காகப் போட்ட ரயில் இல்லை, மரத்துக்காகப் போட்டது.

கொச்சி சின்ன சமஸ்தானம், கஜானாவும் சின்னது. 1902ல் ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்துவிட்டது. அதற்குப் பணம் திரட்ட ராஜா ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களையே விற்றார் என்று அந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். கையில் இருந்த பெரிய சொத்து காடு. காட்டில் தேக்கு மரமும் ஈட்டி மரமும் நிற்கின்றன, ஆனால் கீழே கொண்டுவர வழியில்லை. ஈட்டி மிதக்காது. தேக்கை ஆற்றில் விட்டாலும் அதிரப்பள்ளியில் 80 அடி கீழே விழ வேண்டும். யானையை வைத்து இழுத்தால் எத்தனை மரம் வரும்? காட்டிலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்த வி. ஆழ்வார் செட்டி, ட்ராம் போடலாம் என்று யோசனை சொன்னார். ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேய இன்ஜினியர் வந்து ஆராய்ந்தார். எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பெல் கம்பெனியிலிருந்து வந்தன.

எனக்குப் பிடித்த இடம் கோமளப்பாறைப் பக்கத்து மலைச்சரிவு. எஞ்சின் ஏற முடியாத சரிவு அது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே ஒரு பெரிய உருளை, அதைச் சுற்றி இரும்பு வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் கீழே நிற்கும் காலி வண்டி. மரவண்டியைச் சரிவில் விட்டால் அது இறங்குகிற பாரத்திலேயே காலி வண்டி மேலே ஏறிவிடும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி போட்டு இறைப்பது மாதிரிதான். அந்தச் சரிவுக்கு ஒரு துண்டு நிலக்கரி வேண்டாம். வேகத்தை அடக்க பிரேக்கைப் பிடித்து நிற்கிற ஆள் மட்டும் போதும். டன் கணக்கில் தேக்கு மழையில் நனைந்த தண்டவாளத்தில் இறங்கும்போது அந்த பிரேக்காரர் கைக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதை இந்தியாவின் பெரிய பொறியியல் வேலைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். ஊட்டி ரயிலைப் பற்றிப் பேசுகிற நாம் இதைப் பேசுவதே இல்லை என்பதில் வருத்தமும் உண்டு.

ஆனால் அந்தத் திறமையெல்லாம் எதற்குப் பயன்பட்டது? காட்டைக் காலி செய்யத்தான். இரண்டு உலகப் போர்களிலும் மரத்துக்குப் பெரும் தேவை. அரை நூற்றாண்டுக்கு மேல் மரம் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்று சஃபாரி வேனில் போகும்போது இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், வரிசை பிடித்து நிற்கிறதே தேக்கு, அதில் பெரும்பகுதி வெட்டிய காட்டில் ஆள் வைத்து நட்டது. பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க துணக்கடவு பக்கம் கன்னிமாரா தேக்கிடம்தான் போக வேண்டும். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து பேராவது கைகோக்க வேண்டும். வெட்டப் போனபோது ரத்தம் வந்தது என்று பழங்குடி மக்கள் கும்பிடுகிற மரம் அது. அந்த நம்பிக்கை இல்லையென்றால் அதுவும் சாலக்குடி மர டிப்போவுக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பாதை ஆளில்லாத காட்டில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காடர், மலசர், முதுவர் எல்லாம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். 1933ல் பறவை அறிஞர் சாலிம் அலி பறவைக் கணக்கெடுப்புக்கு வந்து தங்கிய குரியார்குட்டி, ட்ராம் பாதையில் இருந்த ஊர். அவர் தங்கியதற்கு அங்கே நினைவு மையம் இருக்கிறது, மகிழ்ச்சி. பக்கத்திலேயே காடர் குடியிருப்பும் இருக்கிறது. ட்ராம் கதையை எழுதுகிறவர்கள் ராஜா, திவான், இன்ஜினியர் என்று வரிசையாகப் பெயர் போடுகிறார்கள். காடர் பெயர் ஒன்றுகூட வருவதில்லை.

ட்ராம் போன பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. பரம்பிக்குளம் கேரளாவில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். அங்குள்ள அணைகளைப் பராமரிப்பதும் தமிழ்நாடு. காட்டுக்குள் இருக்கிற மக்கள் தங்கள் பஞ்சாயத்தான முதலமடைக்குப் போகவே ஆனைமலை சுற்றி வர வேண்டும். அங்கே போக்குவரத்து என்று யாருக்காவது ஏதாவது செய்வதாக இருந்தால், முதலில் பிரசவ வலியோடு ஜீப்பில் இவ்வளவு தூரம் சுற்றுகிற பெண்ணுக்குச் செய்யுங்கள். செல்ஃபி எடுக்கிற நமக்கு ரயில் அப்புறம்.

2010லிருந்து பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். பழைய தடத்தில் மண் மேடும் பாலத் தூண்களும்தான் மிச்சம். போன தடவை கூட வந்த காடர் இளைஞர் ஓரிடத்தில் நின்று, "இதுதாங்க சார் ட்ராம் ரோடு" என்றார். சரிவுக் காட்டின் நடுவே ஒரு பட்டை நிலம் மட்டும் சமமாக, மெதுவாக வளைந்து போனது. அதன்மேல் புது யானை லத்தி. யானைக்கும் ஏற்றம் குறைந்த வழிதானே வேண்டும். அங்கே மறுபடி தண்டவாளம் போட வேண்டுமென்றால் முதலில் அந்த யானைகளை விரட்ட வேண்டும், மரம் வெட்ட வேண்டும், பாறை உடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது வேறு. சாலக்குடியில் மிச்சமிருக்கிற பழைய பட்டறைக் கட்டடங்களைக் காப்பாற்றி அங்கேயே நல்ல அருங்காட்சியகம் வைக்கலாம். சரிவு வேலை செய்த விதத்தைப் பிள்ளைகள் கையால் இயக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு மாதிரி வடிவம் செய்து வைக்கலாம். ட்ராமில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களிலும் காடர் குடியிருப்புகளிலும் இருக்கிற பெரியவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்ய வேண்டும். ட்ராம் நின்றே அறுபது வருஷம் தாண்டிவிட்டது, நேரில் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?

பொள்ளாச்சியிலிருந்து போகிறவர்கள் காப்பகத்தின் நுழைவிடமான ஆனைப்பாடியில் பதியும்போது குரியார்குட்டிப் பக்கம் போக என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள். கூட வருகிற வழிகாட்டி அந்த ஊர்க்காரராக இருந்தால் ட்ராமைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதிப் பகிருங்கள்.