பிராக்டிகலுக்குப் போகும் காது கேளாத பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் சம்பளம் யார் கொடுப்பது?

பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் பிராக்டிகலுக்கு, அதாவது வேலைப் பயிற்சிக்கு, கம்பெனி தேடுவார்கள். காது கேளாத பிள்ளை, கம்பெனியோடு சேர்த்து, சைகைமொழி மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்க ஓர் ஆளையும் தேட வேண்டும். கம்பெனி அலைந்தால் கிடைக்கும். அந்த ஆள் பினாங்கிலும் கிடைக்கவில்லை, கோலாலம்பூரிலும் கிடைக்கவில்லை.

என் அக்காவின் காது கேளாத இளைய மகளுக்குப் பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. "வகுப்புக்கு என்றால் ஏற்பாடு செய்வோம், வெளியே எங்கள் பொறுப்பு இல்லை" என்றது பல்கலைக்கழகம். "அவர் எங்கள் ஊழியர் இல்லையே, உங்கள் மாணவிதானே" என்றது கம்பெனி. இரண்டு பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரி. கடைசியில் அக்காவின் மூத்த மகள் தன் வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கையோடு போனாள்.

"நல்ல அக்கா" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூத்தவளுக்கு வீட்டுப் பேச்சுக்கான சைகை தெரியும். தொழிற்சாலைச் சொற்கள் தெரியாது. சூப்பர்வைசர் கடிந்துகொண்டால் தங்கை மனம் நோகக்கூடாதென்று பாதியை விழுங்கிவிடுவாள். சூப்பர்வைசரும் மெல்ல மெல்ல அக்காவைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார். வேலை கற்கப் போனவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். தவறு செய்து, திட்டு வாங்கி, மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பிராக்டிகல். அதைத்தான் அவளிடமிருந்து எடுத்துவிட்டோம். அக்கா தங்கை இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகைமொழியை, அதாவது பி.ஐ.எம்-ஐ, அங்கீகரிக்கிறது. கல்விக்குத் தேவையான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 2010-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டத்தை மீறினால் தண்டனை கிடையாது. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடவும் அதே சட்டம் தடை வைத்திருக்கிறது. பல் இல்லாத சட்டத்தைக் காட்டி எந்த எச்.ஆரை மிரட்டுவது?

அதனால் கம்பெனியின் நல்ல மனசை நம்பும் வழி வேண்டாம் என்கிறேன். இரண்டு விண்ணப்பங்கள் மேசையில் இருக்க, ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் செலவும் ஒட்டிக்கொண்டு வந்தால் எந்த மேனேஜர் அதை எடுப்பார்? பணம் மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். உயர்கல்வி அமைச்சு ஒரு நிதி வைக்கட்டும். பதிவு செய்த காது கேளாத மாணவர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது கூடவே போகட்டும், மொழிபெயர்ப்பாளருக்கு நேரடியாகச் சேரட்டும். ஓ.கே.யு. மாணவர்களுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு, அமைச்சு இப்போதே கட்டணத்துக்கும் கைச்செலவுக்கும் உதவுகிறது. கைச்செலவுப் பணத்தில் மொழிபெயர்ப்பாளர் வைக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கிருந்து எடுப்பது? மலேசிய ஊழியர்கள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகள் மாதச் சம்பளத்தில் 1% மனிதவள மேம்பாட்டு லெவி கட்டுகின்றன. பயிற்சிக்கென்றே வாங்கும் பணம் அது. பிராக்டிகலும் பயிற்சிதானே.

செலவும் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. தினமும் எட்டு மணி நேரம் ஆள் வேண்டாம். முதல் வாரம், பாதுகாப்பு விளக்கம், வாராந்திரக் கூட்டம், விரிவுரையாளர் வந்து மதிப்பிடும் நாள், இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். நீண்ட கூட்டமென்றால் இரண்டு பேர் வேண்டும், இருபது, முப்பது நிமிடத்துக்கொரு தடவை மாறிக்கொள்வார்கள். இது சொகுசு இல்லை, மூளையும் கையும் அதற்கு மேல் தாங்காது. மற்ற நேரத்துக்கு வாட்ஸாப் போதும். (மெஷின் சத்தத்தில் எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கையசைத்துத்தான் பேசுகிறார்கள், அங்கே இவள்தான் கெட்டிக்காரி.)

"பேச்சை எழுத்தாக்கும் ஆப் இருக்கிறதே" என்பவர்கள் ஒரு தடவை பினாங்குக் கூட்டத்தில் அதைத் திறந்து வைத்துப் பாருங்கள். மலாயில் தொடங்கி, ஆங்கிலத்தில் பாதி, ஹொக்கியனில் ஒரு கிண்டல், முடிவில் ஒரு "லா". ஆப் என்ன எழுதும் என்று அந்த ஆப்புக்கே தெரியாது. அப்படியே எழுதினாலும், பி.ஐ.எம். பேசி வளர்ந்த பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் அடுத்த மொழிகள்தான்.

பிரிட்டனில் 1994 முதல் 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டம் வேலையில் இருப்பவர்களின் மொழிபெயர்ப்பாளர் செலவுக்கு உதவுகிறது. மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை உண்டு. அங்கும் எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை, சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்கு அந்தத் திட்டம் கிடையாது. ஆனாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்றாவது அங்கே தெரியும்.

காது கேளாத பிள்ளைகளுக்கு 1954-லேயே விடுதியோடு பள்ளி நடத்திய ஊர் எங்கள் பினாங்கு. வாயசைவைப் பார்த்துப் படி என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, விடுதியில் பிள்ளைகள் தாங்களே ஒரு கைமொழியை உருவாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகைமொழி என்று இன்றும் அதற்குப் பெயர் இருக்கிறது. அவர்கள் பங்கை அவர்கள் செய்துவிட்டார்கள்.

நம் ஆட்களுக்கும் ஒன்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடக் கூடும் பணத்தைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் அசையும்வரை, நம் சங்கங்கள் தரும் கல்வி நிதியின் விண்ணப்பப் பாரத்தில் "மொழிபெயர்ப்பாளர் செலவு" என்று ஒரு வரி சேர்க்கலாம். எங்கள் தாமான் (குடியிருப்பு) சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன். தலைவர் முகம் சுளிப்பார், தெரியும்.