வெள்ளி-கருப்பு மல்ச்சிங் ஷீட்: எந்தப் பக்கம் மேலே?

செடியைச் சுற்றி மண்ணை மூட விரிக்கும் பிளாஸ்டிக் தாள்தான் மல்ச்சிங் ஷீட். "மல்ச்சிங் ஷீட் எல்லாம் ஒரே பாலித்தீன்தான், எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் சரி, ரெண்டு வருஷத்தில் மட்கிவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மிளகாய், கத்தரி நடப்போகிறவர்கள் இதை நம்பிச் செய்துவிட வேண்டாம்.

அண்ணே, அந்த ஷீட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளி மேலே, கருப்பு கீழே இருக்க வேண்டும். கருப்பு, மண்ணுக்கு வெளிச்சத்தை விடாது. களை முளைத்தாலும் தலையெடுக்காது. வெள்ளி, வெயிலைத் திருப்பி அடிக்கும். இலையின் அடிப்பக்கம் வரை போகும் அந்த வெளிச்சத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகளான அசுவினியும் இலைப்பேனும் செடியைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறும். முழுதாக ஒழியாது, குறையும். கருப்பை மேலே போட்டாலும் களை அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஷீட் தோசைக்கல்லாகக் காயும். இளநாற்றின் தண்டு பட்டால் கருகிவிடும். குளிர்நாடுகளில் மண்ணைச் சூடாக்கவே கருப்பு போடுகிறார்கள். மதுரைக்கு அந்தக் கவலை எதற்கு?

மட்கும் என்பது முழுத்தவறு. சாதாரண பாலித்தீன் வெயிலில் நொறுங்கித் துண்டு துண்டாகும், மட்காது. அந்த நொறுங்கலைத் தள்ளிப்போடத்தான் யுவி (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்) தாங்கும் பொருளைக் கலக்கிறார்கள். 25, 30 மைக்ரான் கனமுள்ள ஷீட் என்றால் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் சுருட்டி எடுத்துவிடலாம். ரொம்ப மெலிசானது கையோடு கிழிந்து, மிச்சம் உழவில் மண்ணுக்குள் போய்விடும். மட்கும் ஷீட் தனியாக உண்டு, விலையும் கூடுதல். எதை வாங்கினாலும் மைக்ரானைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.