பணம் கட்டினால்தான் ஐரோப்பாவில் பிஎச்டி இடமா?

“ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி இடங்கள் வெளியே தெரியாது; ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டினால்தான் கிடைக்கும்” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் பிஎச்டி என்பது பெரும்பாலும் சம்பள வேலை. காலியிடம் வந்தால் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே அறிவிப்பு போடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளமான யூராக்செஸிலும் இலவசமாகத் தேடலாம். அறிவிப்பின் அடியில் பேராசிரியரின் மின்னஞ்சல் இருந்தால், அது பெரும்பாலும் சந்தேகம் கேட்கத்தான். விண்ணப்பம் இணையப் படிவம் வழியாகப் போக வேண்டும். அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும்.

ஜெர்மனி கொஞ்சம் வேறு. அறிவிக்கப்பட்ட இடங்கள் உண்டு; அது தவிர, வழிகாட்டிப் பேராசிரியரை நாமே தேடி எழுதுவதும் அங்கே வழக்கம். வதந்திக்குக் கால் முளைத்தது இங்கேதான் போலிருக்கிறது. சரி, அதற்கும் ஏஜென்ட் எதற்கு? அவர் ஊருக்கெல்லாம் அனுப்பும் ஒரே கடிதத்தைவிட, பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு நீங்கள் எழுதும் நாலு வரி மேல்.

பிரிட்டனில் கல்விக் கட்டணம் உண்டு, அதுவும் பல்கலைக்கழகத்துக்குத்தான்.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்கு நிதி தரும் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி திட்ட பிஎச்டி இடங்களுக்கு ஒரு நிபந்தனை: சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், சேரப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது.