செல்ஃபிக்கு மட்டும் இல்லை
குழந்தையையும் டால்பினையும் வெண்கலத்தில் வார்ப்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கத்தான், அதில் கலை எதுவும் இல்லை என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். லண்டன் செல்சியில், ஆல்பர்ட் பாலத்தருகே சிற்பி டேவிட் வின் 1970களில் செய்த ‘டால்பினுடன் சிறுவன்’ சிலையைப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். நான் அதை இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்திருக்கிறேன். பையன் டால்பினின் துடுப்பை ஒரு கையால் பிடித்திருக்கிறான். உடம்பு மொத்தமும் அந்தரத்தில். அத்தனை எடையும் அந்த ஒரு பிடி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. கல்லில் செதுக்கியிருந்தால் மணிக்கட்டோடு ஒடிந்திருக்கும். வெண்கலத்தின் இழுவலிமை, அதாவது இழுத்தாலும் ஒடியாமல் தாங்கும் திறன், தெரிந்தவர் செய்த வேலை அது. இத்தனைக்கும் வின் ஓவியக் கல்லூரிப் பக்கமே போனவர் இல்லை, கேம்பிரிட்ஜில் விலங்கியல் படித்தவர். அப்புறம், அந்தப் பையன் கற்பனை உருவம் அல்ல, சிற்பியின் மகன் ரோலண்ட். 1999இல் ரோலண்ட் இறந்தபின் சிலை அவர் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது. அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதிய ஒருவர் ‘இதே சிலைதான் டவர் பாலத்தருகேயும் இருக்கிறது’ என்கிறார். அது வேறு, 1973இல் வின்னே செய்த ‘டால்பினுடன் சிறுமி’, நீரூற்றோடு சேர்ந்தது. செல்ஃபிக் கூட்டம் அங்கேதான் அதிகம், அதை மறுக்கவில்லை.